வாளைக் கருவாட்டு உப்பும் நான்கு திருகாணிகளும்

மதிப்பிற்குரிய ஐயா, மதிப்பிற்குரிய அம்மணி, வணக்கம்.

உத்திரமேரூர் வட்டம் மானாம்பதியில் பிறந்து, அங்கேயே பயிர் செய்து, முதுமையில் மகனுடன் வாழும்பொருட்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துப் புறநகர் ஒன்றில் வந்து தங்கியவன் நான். பெயர் தணிகாசலம். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பின் கற்றவையெல்லாம் நூலகத்தில் நானே எழுத்துக்கூட்டிக் கற்றவை. நடையில் குறையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இங்கே நான் எழுதப் புகுவது ஒரு பழைய எரிவாயு அடுப்பில் இறுகிப்போன திருகாணிகளைக் கழற்றிய வரலாறு. இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தாங்கள் எண்ணக்கூடும். தொடங்கியபோது நானும் அவ்வாறே எண்ணினேன்.

1

அடுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்நாட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் சக்கரம் வைத்த பெரிய அடுப்பு ஒன்று நிற்கும். பார்பிக்யூ என்பார்கள். ஒரு பெட்டி, அதற்கு மூடி, உள்ளே குழாய் போன்ற எரிப்பான்கள், அவற்றின் மேல் இரும்புக் கம்பிச் சட்டம், கீழே எரிவாயு உருளை. இங்குள்ளோர் அதில் இறைச்சி வாட்டுவார்கள். எங்கள் வீட்டு அடுப்பில் வாட்டப்பட்டது வாளைக் கருவாடு.

என் மனைவி கன்னியம்மாளுக்குக் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் இருந்தால் வேறொன்றும் வேண்டாம். இங்கு வந்த புதிதில் சமையலறை அடுப்பின் சுடரிலேயே கருவாட்டைக் காட்டினாள். கூரையில் பொருத்தியிருந்த புகை அறிவிப்புக் கருவி அலறத் தொடங்கியது. எப்படி நிறுத்துவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"இன்னாங்க இது, பொணம் வுயுந்த வூட்டு சங்கு கணக்கா ஊதிக்கினு கீது" என்றாள்.

"நீ தான் எய்ப்பி வுட்ட. நீயே தூங்க வெய்யி."

"ஒரு துண்டு கருவாடு சுட்டதுக்கு ஊரையே கூப்புடுதே. மானாம்பதியில இத்த வெச்சா நாளெல்லாம் ஊதிக்கினு கெடக்கும்."

அடுத்த வீட்டு அம்மையார் பதறிப்போய் வேலியோரம் வந்து நின்றார். கிரேக்க நாட்டிலிருந்து இளமையில் குடிபெயர்ந்தவர் அவர். கன்னியம்மாள் அவரிடம் ஒரு வார்த்தையும் பேச இயலாமல், கருவாட்டில் பாதியைப் பிய்த்து வேலிக்கு மேல் நீட்டினாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றார். அவர்கள் ஊரிலும் மீனை உப்பிட்டுக் காயவைக்கும் வழக்கம் உண்டாம். அன்று மாலை எங்கள் மகன் வேலு நடந்ததைக் கேட்டுச் சிரித்தான். அடுத்த வாரமே அந்த அடுப்பை வாங்கிப் பின்புறத்தில் நிறுத்தினான்.

"இனிமே வெளிய சுடும்மா. எவனும் ஊத மாட்டான்."

2

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அடுப்பின் முன்னால்தான் அவள் நிற்பாள். குளிர்காலத்தில் வேலுவின் பழைய கம்பளிச் சட்டையைப் புடவைக்கு மேல் அணிந்துகொள்வாள். கருவாட்டைக் கம்பியின் மேலேயே நேராக வைப்பாள். தட்டில் வைத்துச் சுட்டால் அது சுட்டதாகாது என்பது அவள் கொள்கை. சுட்டு முடித்து எரிவாயுவை அடைத்ததும், ஒரு கை நீரை எடுத்து அடுப்பின் மேல் தெளிப்பாள். விறகடுப்பில் சமைத்தவர்களின் பழக்கம் அது. சமைத்து முடித்த கொள்ளிக்குத் தண்ணீர் காட்டாமல் எழுந்து போவது எங்கள் பக்கத்துப் பெண்களால் ஆகாத காரியம். எரிவாயுவுக்குக் கொள்ளி ஏது என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் தெளித்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பாள்.

அந்தச் சுடுமணம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் எங்கள் கழனியின் மோட்டார்க் கொட்டகை. நடவு நாட்களில் நண்பகலில் கூழ்ப் பானை வந்து இறங்கும். பனை மட்டையைக் கொளுத்தி, அதன் தணலில் கருவாட்டைப் புரட்டுவாள். குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழும் ஓசையில் பேசுவது ஒன்றும் கேட்காது. கையை நீட்டினால் கருவாடு வரும், அவ்வளவுதான். அவளுடைய தம்பி ஏழுமலை மட்டும் வால் துண்டுக்காகச் சண்டையிடுவான். வாளை மீனின் வால் மெல்லியது, தணலில் அப்பளம்போல் நொறுங்கும். அவனுக்கு அதைக் கொடுக்காமல் தன் வாயில் போட்டுக்கொள்வதில் அவளுக்கு ஒரு தனி இன்பம்.

கன்னியம்மாள் இறந்த முதலாண்டு நினைவு நாளுக்கு நாங்கள் ஊருக்குச் சென்றோம். படையல் ஏழுமலை வீட்டில் நடந்தது. இவ்வாண்டு விடுப்புக் கிடைக்கவில்லை. இங்கேயே படைப்பது என்று முடிவாயிற்று. இறந்தவர் விரும்பி உண்டதை அவர் உண்ட பக்குவத்திலேயே படைப்பது எங்கள் வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

3

நினைவு நாளுக்கு முந்தைய ஞாயிறன்று வேலு என்னிடம் வந்தான். இவ்வூரில் வட்டார மன்றத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், வீட்டில் வேண்டாத பெரிய பொருள்களை வாசல் புல்தரையில் வைக்கலாம். வண்டி வந்து அள்ளிச் சென்றுவிடும்.

"நைனா, வியாயக்கெயம காத்தால வண்டி வருது. பயச எல்லாம் எட்த்து வெளிய வெக்கணும். அந்த அடுப்பயும் சேத்து எய்தி குட்த்துட்டேன்."

"எந்த அடுப்ப?"

"வூட்ல எத்தினி அடுப்பு கீது? பின்னால கீதே, அத்தான்."

"தெவசத்துக்கு கருவாடு எதுல சுடறது?"

"தோசக்கல்லுல போட்டு வறுத்துக்கலாம்."

"வறுக்கறது வேற, சுடறது வேற. வறுத்த கருவாட்ட உங்கம்மா தொட்டும் பாக்க மாட்டா."

வேலு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "நைனா, அந்த பர்னருங்க ஓட்ட வுயுந்து கெடக்குது. அம்மா கடசியா பத்த வெச்சப்ப நெருப்பு சைடால வந்துச்சி, நீயே பாத்த. நானும் வசந்தியும் வேலைக்கு போயிட்டா பகலெல்லாம் நீ ஒண்டியா கீற. இன்னாவது ஒண்ணு ஆச்சின்னா நா எங்க போயி நிக்கறது?"

அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. எரிப்பான்களில் துரு தின்ற துளைகளை நானும் கண்டிருக்கிறேன்.

"பர்னரு மாத்திட்டா?"

"மாத்தலாம். அத்த புட்ச்சிக்கினு கீற ஸ்க்ரூ வராது. அம்மா இருந்தப்பவே நா பாத்துட்டேன், துரு ஏறி கெட்டியா கெடக்குது."

"வந்துட்டா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "புதன்கெயம சாய்ங்காலம் எல்லாத்தையும் வெளிய வெக்கணும். அதுக்குள்ள நாலு பர்னரும் மாத்தி, சோப்பு தண்ணி தொட்டு லீக் இல்லன்னு எனுக்கு காட்டு. வெச்சிக்கலாம். இல்லன்னா போவட்டும். இன்னா?"

"செரி" என்றேன்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வேலு தனக்குள்ளேயே இருக்கத் தொடங்கி நாளாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் உண்பான், கைபேசியைப் பார்ப்பான், உறங்குவான். அம்மா போனபின் அவன் பின்புறத்துக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வாயைத் திறந்தால் மானாம்பதிதான் வரும். ஊரில் ஏழுமலையின் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் வருவதுபோல் பேசுகிறார்கள். நைனா என்று அங்கே இப்போது யாரும் அழைப்பதில்லை. அந்தச் சொல்லைக் கேட்பதற்கு எனக்கு எஞ்சியிருக்கும் இடம் சிட்னியில் இந்த ஒரு வீடுதான்.

வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதற்காக மறுநாள் மன்றத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பதிவு செய்த குரல்கள் பலவற்றைக் கடந்தபின் ஓர் அலுவலர் வந்தார். என் ஆங்கிலம் அவருக்கு எட்டவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்தார். யாழ்ப்பாணப் பக்கத்து அம்மையார், குரலில் கனிவிருந்தது.

"ஐயா, விடியப்புறம் எந்த நேரமும் வருமாம். பட்டியல்ல ஏதும் மாத்துறதெண்டால் பதிஞ்சவர்தான் மாத்தலாமாம். நீங்கள் அவரின்ர அப்பா எண்டாலும் ஏலாதாம்."

"அடுப்பு என் மனைவியுடையது அம்மா" என்றேன்.

அதை அவர் மொழிபெயர்த்தாரா என்று தெரியவில்லை. பிறகு நன்றி கூறி வைத்துவிட்டேன்.

4

வேலையை ஞாயிறன்றே தொடங்கியிருந்தேன். முதலில் எரிவாயு உருளையைக் கழற்றி வேலியோரம் கொண்டுபோய் வைத்தேன். எரிவாயு அடுப்பில் கைவைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. பிறகு கம்பிச் சட்டத்தையும், அதன் கீழிருந்த தகடுகளையும் எடுத்தேன். எரிப்பான்கள் நான்கும் தெரிந்தன. ஒவ்வொன்றின் பின்முனையும், பெட்டியின் பின்சுவரை வெளியிலிருந்து துளைத்து வரும் ஒரு திருகாணியால் பிணைக்கப்பட்டிருந்தது. ஆக நான்கே திருகாணிகள். குமிழ்த் தலை, தலையில் கூட்டல் குறிபோல் பள்ளம், பள்ளத்துக்குள் செந்நிறமாக ஏதோ அடைத்திருந்தது.

முதலாவதன் தலையில் திருப்புளியை வைத்தேன். முனை பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே நின்றது. துருதான் என்று எண்ணி, உடல் பாரத்தை அதன்மேல் போட்டுத் திருகினேன். திருகாணி அசையவில்லை. திருப்புளி மட்டும் கரகரவென்று சுழன்றது. எடுத்துப் பார்த்தபோது, கூட்டல் குறி இருந்த இடத்தில் வட்டமான குழி இருந்தது.

இதைச் செய்தவர்கள் இதன் வேதனையை அறிவார்கள். இறுகிய திருகாணிக்காவது வழியுண்டு. தலை மழுங்கிய திருகாணியைப் பிடிப்பதற்கே இடமில்லை. மற்ற மூன்றையும் அன்று தொடவில்லை.

திங்களன்று பேருந்தேறி இரும்புப் பொருள் கடைக்குப் போனேன். புதிய எரிப்பான்களும் புதிய திருகாணிகளும் வாங்கினேன். பின்பு கடைக்காரரிடம் என் குறையைச் சொன்னேன். நம் ஊரில் திருகாணி மொட்டையாகிவிட்டது என்போம் அல்லவா, அதையே ஆங்கிலமாக்கி, "அதன் தலை வழுக்கையாகிவிட்டது" என்றேன். அவர் தலையிலும் முடியில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். கைபேசியிலிருந்த படத்தைக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்து, துருவுக்குள் இறங்கும் எண்ணெய்ப் புட்டி ஒன்றையும் சிறிய இரும்பறுக்கும் வாள் ஒன்றையும் எடுத்துத் தந்தார். மழுங்கிய பள்ளத்தில் ரப்பர் வளையத்தை வைத்து அதன்மேல் திருப்புளியை அழுத்தித் திருகும்படி முதலில் சொன்னார். அது நடக்காவிட்டால், தலையின் குறுக்கே வாளால் கோடு அறுத்து, தட்டை முனைத் திருப்புளியால் திருகலாம்.

வீட்டுக்கு வந்து நான்கு திருகாணிகளுக்கும் எண்ணெய் விட்டு மறுநாள் வரை ஊறவிட்டேன். செவ்வாயன்று ரப்பர் வளையத்தை வைத்துத் திருகினேன். ரப்பர் கிழிந்ததே மிச்சம். வாளால் கோடு அறுத்தேன். கோடு விழுந்தது, திருகியபோது திருப்புளி கோட்டை விட்டு எகிறிக் குதித்தது. அழுத்தவும் வேண்டும், திருகவும் வேண்டும். என் கைகள் இரண்டும் அழுத்துவதற்கே போதவில்லை. மற்ற மூன்றில் வைத்துப் பார்த்தேன், அவற்றிலும் திருப்புளி இறங்கி உட்காரவில்லை. எண்ணெய் விட்டும் ஏன் உட்காரவில்லை என்பது விளங்கவில்லை.

5

அன்று மாலை ஏழுமலை அழைத்தான். படையலுக்கு என்னென்ன செய்கிறோம் என்று கேட்பதற்காக அழைத்தவன், நான் அடுப்போடு போராடுவதைக் கேட்டதும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மாமா, வெள்ளக்காரன் ஊர்ல போயி அடுப்பு கயட்டிக்கினு கீறியா? இங்க மோட்டார் நட்டு புட்ச்சிக்கினா என்னியத்தான கூப்புடுவ."

"உன்ன கூப்ட்டா நட்டோட மோட்டாரும் வந்துடுமே."

"வந்துச்சா இல்லியா, அத்த சொல்லு." சிரித்துவிட்டுத் தொடர்ந்தான்: "கம்பி மேலயே உப்பு கருவாட்ட போட்டு, சுட்டதும் தண்ணியும் தெளிச்சா, துரு புடிக்காம இன்னா பண்ணும்? எங்கக்கா கிட்ட சொல்றதுதான நீ."

"உங்கக்கா கிட்ட நா சொல்லி இன்னா நடந்துச்சி?"

"அதுவும் செரிதான்" என்றான். மறுமுனையில் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போவது கேட்டது. "மாமா, சுட்டீன்னா வால் துண்டு எனுக்கு ஒண்ணு வெய்யி. உசுரோட கீற வரிக்கும் அவ எனுக்கு குடுக்கவே இல்ல."

வைக்கிறேன் என்றேன். எதில் சுடுவது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

அவன் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. திருகாணிகளின் உட்புறத்தை இறுக்கிப் பிடித்திருப்பது வெறும் துருவல்ல. ஞாயிறுதோறும் வாளைக் கருவாட்டிலிருந்து கசிந்து, அவள் தெளித்த நீரோடு இறங்கிய உப்பு.

பேசிக்கொண்டிருந்தபோதே மருமகள் வசந்தி வேலையிலிருந்து வந்துவிட்டாள். புள்ளலூர்ப் பெண். முதியோர் இல்லம் ஒன்றில் பணி செய்கிறாள். சீருடை மாற்றாமலே பின்புறத்துக்கு வந்து, குனிந்து திருகாணிகளைப் பார்த்தாள்.

"மாமா, இது துரு இல்ல. கிட்ட வந்து பாருங்க. செவப்பு இல்ல? குங்குமம்."

"குங்குமமா?"

"கீய மஞ்சளா கீது பாருங்க, அது சந்தனம். ஆயுத பூசைக்கு அத்தை எல்லாத்துக்கும் பொட்டு வெப்பாங்களே. மிக்ஸி, காரு, வாஷிங் மெஷினு. எல்லாத்துக்கும் முன்னால ஒண்ணு வெப்பாங்க. இதுக்கு மட்டும் சுத்திக்கினு போயி ஒவ்வொரு ஸ்க்ரூக்கும் வெப்பாங்க. ஒருவாட்டி நானே கேட்டேன், ஏன் அத்தை, முன்னால வெச்சா போதாதான்னு."

"இன்னா சொன்னா?"

"'இதுங்கதானே எல்லாத்தயும் புட்ச்சிக்கினு கீது. இதுங்களுக்குத்தான் மொதல்ல வெக்கணும்'னாங்க."

கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு பார்த்தேன். ஆண்டுதோறும் பழைய பொட்டின் மேலேயே புதிய பொட்டு. அடுப்பின் சூட்டில் வெந்து வெந்து, சந்தனமும் குங்குமமும் பள்ளத்துக்குள் ஓடுபோல் இறுகியிருந்தன. நம் ஊரிலும் கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் மோட்டாருக்கும் அவ்வாறே வைக்கிறோம். ஆனால் அங்கே மோட்டாரைப் பருவத்துக்கு ஒருமுறையாவது யாராவது கழற்றிவிடுவார்கள். பொட்டு நிலைப்பதற்கு நேரமில்லை. இந்த அடுப்பை ஒருவரும் கழற்றியதில்லை. திருப்புளி உட்காராமல் நின்றது துருவின் மேலல்ல. அவள் வைத்த பொட்டின் மேல்தான் நான் உடல் பாரத்தைப் போட்டு அழுத்தியிருக்கிறேன்.

கோணி ஊசியும் வெந்நீரும் பழைய பல் தூரிகையும் கொண்டுவந்தாள் வசந்தி. ஊசியை வாங்கினேன். என் கை அங்கே நின்றுவிட்டது. கன்னியம்மாளின் விரல் பட்ட அடையாளம் இந்த வீட்டில் வேறு எங்கும் இப்படித் தங்கியிருக்கவில்லை.

"மொத்தமா எட்த்துக்கினு போயி தெருவுல வெக்கறதுக்கு இது மேலு மாமா" என்றாள் வசந்தி.

அவள் சொன்னது சரி. வெந்நீரை விட்டு ஊறவைத்து, ஊசியால் கிளறினேன். முதலில் சிவப்பாகவும் பின்பு மஞ்சளாகவும் நீர் பெட்டியின் பின்சுவரில் வழிந்தது. அடியில் கூட்டல் குறி, புதிதாக வெட்டியதுபோல், கூர் மாறாமல் இருந்தது. பொட்டு அதைத் துருவிலிருந்து காத்திருந்தது.

6

புதன் காலையில் மூன்று திருகாணிகளும் வந்துவிட்டன. திருப்புளியைப் பள்ளத்தில் நன்றாக இறக்கி, அதன் பிடியைச் சுத்தியலால் சில தட்டுகள் தட்டினேன். உள்ளே துரு விரிசல் விடுவதற்காக அது. பின்பு தளர்த்தும் திசையில் திருகுவதற்கு முன்னால், இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருகினேன். எதிர்பாராத பக்கம் அசைத்தால் பிடிப்பு விட்டுவிடும். "கிரீச்" என்று ஓர் ஓசை. பிறகு ஒவ்வொன்றும் கைக்கு வந்தது.

நான்காவது, அதாவது ஞாயிறன்று நான் மழுங்கடித்தது, அப்படியே இருந்தது.

மாலையில் தெருவெங்கும் வாசல்களில் பொருள்கள் நிறைந்தன. மெத்தைகள், நாற்காலிகள், குழந்தை வண்டி, பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. எதையும் கழற்றிப் பார்ப்பதற்கு இங்கே யாருக்கும் பொழுதில்லை. வெளியே வைத்துவிட்டால் வண்டி பார்த்துக்கொள்ளும். வேலு வந்ததும் எங்கள் பழைய மெத்தையையும் உடைந்த அலமாரியையும் கொண்டுபோய் வைத்தான். பிறகு, அம்மா போனபின் நான் கண்டவரையில் முதன்முறையாக, பின்புறத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"இன்னா நைனா, ஆச்சா?"

"மூணு வந்துச்சி."

"நாலாவது?"

அவன் குனிந்து, நான் அறுத்த கோட்டைப் பார்த்தான். மற்ற மூன்று துளைகளிலிருந்து வழிந்து காய்ந்திருந்த சிவப்பையும் பார்த்தான். வசந்தி அவனிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

"நீ ஒண்டியா அமுக்கவும் திருவவும் முடியாது. தள்ளு. நா அமுக்கறேன், நீ ஸ்பேனர் போட்டு திருவு."

திருப்புளியைக் கோட்டில் பொருத்தி, மார்பை அதன் பிடிமேல் வைத்து முழுப் பாரத்தையும் கொடுத்தான். திருப்புளியின் தண்டை நான் ஸ்பேனரால் பற்றித் திருகினேன். அசையவில்லை. மீண்டும் திருகினேன்.

"கையி நடுங்குது நைனா உனுக்கு."

"உன் தொப்பைதான் ஆடுது. நேரா நில்லு."

மூன்றாம் முறை திருகியபோது "டக்" என்று ஓர் ஓசை. திருகாணியின் தலை முறிந்து, தரையில் உருண்டு, புல்லுக்குள் போய்விட்டது.

தலையும் போன திருகாணியை இனி எந்தத் திருப்புளியால் பிடிப்பது? நான் அங்கிருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"போச்சி" என்றான் வேலு. "வுடு நைனா. நீ பண்ண வரிக்கும் பண்ண."

அடுப்பை வாசலுக்குத் தள்ளிச் செல்வதற்காக அவன் பெட்டிக்குள் கைவிட்டுப் பிடித்தான். பிடித்தது அந்த நான்காவது எரிப்பானை. அது அவன் கையோடு வந்துவிட்டது.

எரிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். "நைனா. வந்துட்ச்சி."

யோசித்தால் அது எளிய செய்திதான். பின்சுவருக்கு வெளியே இருந்த தலைதான் எரிப்பானைச் சுவரோடு பிடித்திருந்தது. தலை போனதும், மரையோடு இறுகிய தண்டு எரிப்பானிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பழைய எரிப்பான் எப்படியும் நமக்கு வேண்டாதது. முறித்துவிடக் கூடாது என்று அத்தனை நாள் நான் அஞ்சியிருந்தேன், முறிந்ததே வழியாயிற்று.

வேலு அந்த எரிப்பானை மூக்கருகே கொண்டுபோனான். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு முறை முகர்ந்தான், மறுபடியும் முகர்ந்தான்.

"இன்னும் வாசன கீது நைனா" என்றான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் கேட்டு வெகு காலமாகிறது. சிரித்துக்கொண்டே முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

வெளிச்சம் இருக்கும்போதே புதிய எரிப்பான்களைப் பொருத்தி, புதிய திருகாணிகளை முடுக்கினோம். உருளையை இணைத்து, இணைப்புகளிலெல்லாம் சோப்பு நீரைத் தடவி, குனிந்து பார்த்தோம். ஒரு குமிழியும் எழவில்லை. வேலு தன் கையாலேயே பற்றவைத்தான். சுடர் நான்கு வரிசையாக, நீலமாக, நேராக நின்றது. அவன் கைபேசியை எடுத்து மன்றத்துப் பட்டியலிலிருந்து அடுப்பை நீக்கினான். அவன் நீக்கினால் நீங்கிவிடுகிறது.

7

சனியன்று படையல் நடந்தது. கூழ், முருங்கைக்கீரை, மாங்காய்த் துண்டு, எல்லாம் வசந்தி செய்தாள். கருவாட்டை வேலு சுட்டான். கம்பியின் மேலேயே நேராக வைத்தான். சுட்டு முடித்து எரிவாயுவை அடைத்ததும், என்னைத் திரும்பிப் பார்த்தான்; பிறகு ஒரு கை நீரை எடுத்துத் தெளித்தான். துரு பிடிக்கும் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் சொல்லவில்லை. வால் துண்டுகளில் ஒன்றைத் தனியே சிறிய இலையில் வைத்து, காணொளியில் ஏழுமலைக்குக் காட்டினேன்.

"அத்த நீயே துண்ணு மாமா" என்றான். "பாத்துட்டேன். போதும்."

படத்துக்குப் பொட்டு வைத்தபின் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் எஞ்சியிருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு அடுப்பின் பின்புறம் போனேன். புதிய திருகாணிகள் பளபளத்தன. விரலை நீட்டியவன் நிறுத்திக்கொண்டேன்.

வேலு பின்னால் வந்து நின்றிருந்தான். "பக்கத்துல வெய்யி நைனா. நாளிக்கு மறுபடியும் கயட்டணும் இல்ல" என்றான்.

மறுபடியும் கழற்றுவான் என்றால், அடுப்பு இங்கேதான் இருக்கப்போகிறது. ஒவ்வொரு திருகாணிக்கும் பக்கத்தில், சற்றுத் தள்ளி, ஒரு பொட்டு வைத்தேன். பள்ளங்கள் வெறுமையாகவே இருந்தன.

மறுநாள் காலையில் செடிகளுக்கு நீர் விடப் போனபோது பார்த்தேன். தலை முறிந்த இடத்தில் முடுக்கிய அந்த நான்காவது திருகாணியின் பள்ளத்திலேயே, நேர் நடுவில், குங்குமம் இருந்தது. நான் வைத்ததன்று. வைத்தவர் யார் என்று கேட்கவில்லை.

ஐயா, அம்மணி, ஆகவே தங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். இந்தக் காகிதத்தைப் பொட்டலம் கட்டப் பயன்படுத்தாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்றேனும் ஒருநாள் தங்கள் வீட்டிலோ, என் மகன் வீட்டிலோ யாரேனும் ஒரு பழைய அடுப்பைக் கழற்ற நேரும். திருப்புளியை வைப்பதற்கு முன்னால், திருகாணியின் தலைக்குள் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு தெரிந்தால் அழுத்த வேண்டாம். வெந்நீர் விட்டு ஊறவைக்க வேண்டும். அதற்காகவேனும் இக்குறிப்பு இருக்கட்டும்.

இங்ஙனம்,
மானாம்பதி தணிகாசலம்